கம்ப்யூட்டர் பூட் ஆகாத நாளுக்கு எந்தப் பென் டிரைவைத் தயார் செய்வது?

லேப்டாப்பை ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, அப்புறம் நீலத் திரை. மறுபடி ரீஸ்டார்ட், மறுபடி அதே நீலத் திரை. இந்த நிலையில் சர்வீஸ் கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுடலாம், சி டிரைவ்ல இருக்கறது போயிடும், பரவாயில்லையா?" என்பதுதான். பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு வந்த பிறகு, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் டெஸ்க்டாப் ஃபோல்டரில்தான் இருந்தன என்று நினைவுக்கு வந்து தவிப்பவர்கள் நிறையப் பேர். டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கையில் ஒரு அவசர பூட் பென் டிரைவ் (டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் இல்லாமலே, தன்னிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் பென் டிரைவ்) இருந்தால், கடைக்குப் போவதற்கு முன்பே அந்தப் படங்களை எடுத்துவிடலாம்.

ஆனால் எந்தப் பென் டிரைவ்? விண்டோஸ் ரெக்கவரி டிரைவ், விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் பென் டிரைவ், லினக்ஸ் லைவ், ஹைரன்ஸ், சிஸ்டம்ரெஸ்க்யூ, வென்டாய் என்று தேடினால் பெயர்கள் குவியும். ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கானது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பென் டிரைவ்தான் செய்வேன் என்றால் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் பென் டிரைவ். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களுக்கு வேறெங்கும் காப்பி இல்லை என்றால் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம், இலவசம்) பென் டிரைவ். இரண்டும் செய்ய முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பவர் பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை, பீப் சத்தம் மட்டும் வருகிறது என்றால் எந்தப் பென் டிரைவும் உதவாது. அது சார்ஜர், ரேம், மதர்போர்டு சம்பந்தப்பட்டது. பென் டிரைவ் உதவுவது லோகோ வரை வந்து அதற்கு மேல் போகாத கம்ப்யூட்டருக்கு.

"விண்டோஸிலேயே ரெக்கவரி வசதி இருக்கிறதே, அப்புறம் எதற்குத் தனியாக ஒன்று?" என்று கேட்கலாம். இருக்கிறது. பூட் ஆகாமல் இரண்டு மூன்று முறை தடுமாறினால் அதுவே திறக்கும். ஆனால் அதுவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் பழுதானால் அதுவும் சேர்ந்து போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட்டைப் போட்டவர்களுக்கு, அந்த ரெக்கவரி திரைக்குள் போனதும் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. திரையில் எல்லாத் தேர்வுகளும் தெரியும், எதையும் சொடுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 20 அன்று தனியாக ஒரு திருத்தம் வெளியிட்டது. இடைப்பட்ட நாட்களில் விண்டோஸும் பழுதாகிக் கிடந்தவர்களுக்கு, முன்பே செய்துவைத்த பென் டிரைவ்தான் எளிய வழியாக இருந்தது.

பென் டிரைவுக்கும் முன்னால் எடுத்துவைக்க வேண்டியது ஒன்று உண்டு: விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் ரெக்கவரி கீ. 48 இலக்க எண். இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பாக இருந்தாலும் பூட்டு விழுந்துவிடும், பலருக்கு அது தெரியவே தெரியாது. விண்டோஸ் நன்றாக ஓடும் வரை பூட்டு தன்னைக் காட்டிக்கொள்ளாது. வெளியிலிருந்து பூட் செய்தால்தான் எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் எந்தப் பென் டிரைவாலும் உள்ளே போக முடியாது.

2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு மிகச் சின்னது. சேஃப் மோடிலோ ரெக்கவரி திரையிலோ நுழைந்து, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கிரவுட்ஸ்டிரைக் ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைலை அழித்தால் போதும். அதற்காகவே மைக்ரோசாஃப்ட் ஒரு பூட் பென் டிரைவ் கருவியையும் வெளியிட்டது. ஆனால் பூட்டிய கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் அந்த 48 இலக்கங்களைத் தட்ட வேண்டியிருந்தது, கீயைத் தேடுவதிலேயே பல அலுவலகங்களில் நேரம் போனது. வீட்டுக் கம்ப்யூட்டரில் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே உள்ளே போய்ப் பார்த்து, ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு, ஆதார் வைத்திருக்கும் கவரில் போட்டுவிடுங்கள். அதே கம்ப்யூட்டரில் நோட்பேடில் சேமித்து வைப்பதால் பயன் இல்லை.

சரி, பென் டிரைவுகளுக்கு வருவோம்.

விண்டோஸ் ரெக்கவரி டிரைவ் என்பதை ஸ்டார்ட் மெனுவில் தேடினாலே கிடைக்கும். சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துச் செய்ய 16 ஜிபி பென் டிரைவ் வேண்டும், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இதன் பலம், உங்கள் லேப்டாப்பின் டிரைவர்களும் (அதன் பாகங்களை விண்டோஸ் இயக்கத் தேவையான மென்பொருள்கள்) கூடவே வருவது. பலவீனம், பெயர் தரும் நம்பிக்கை. ரெக்கவரி என்ற பெயரைப் பார்த்து நம் படங்களையும் திருப்பித் தரும் என்று பலர் எண்ணுகிறார்கள். தராது. "ரெக்கவர் ஃபிரம் எ டிரைவ்" என்பதை அழுத்தினால் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, உங்கள் ஃபைல்களையும் புரோகிராம்களையும் துடைத்துவிடும். அதோடு, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே செய்து வைத்திருக்க வேண்டும். பூட் ஆகாமல் போன பிறகு யோசித்துப் பயனில்லை. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்தால், பழுது பார்க்கும் கருவிகள் வேலை செய்யலாம், ஆனால் அதில் இருப்பது அவர்கள் கம்ப்யூட்டரின் விண்டோஸ்.

இன்ஸ்டாலேஷன் பென் டிரைவை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான். வேறு எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும், எப்போது வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் இணையதளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இலவசம், 8 ஜிபி பென் டிரைவ் போதும். பெயரைக் கேட்டால் விண்டோஸ் போட மட்டும்தான் என்று தோன்றும். உண்மையில் ரெக்கவரி டிரைவில் இருக்கும் பழுது பார்க்கும் கருவிகளில் பெரும்பாலானவை இதிலும் இருக்கின்றன. மொழி கேட்கும் திரையைத் தாண்டியதும், பழைய பதிப்புகளில் இடது கீழ் மூலையில் சின்ன எழுத்தில் "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" என்று இருக்கும். 24எச்2-இலிருந்து "ரிப்பேர் மை பிசி" என்று தனித் தேர்வாகவே வருகிறது. அதற்குள் ஸ்டார்ட்டப் ரிப்பேர், அப்டேட்டை நீக்குவது, சிஸ்டம் ரீஸ்டோர், கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட் எல்லாம் உண்டு. இன்ஸ்டால் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். புதிய பதிப்பில் "எல்லாம் அழிக்கப்படும், சம்மதம்" என்று ஒரு டிக் கேட்கும். அதைப் பார்த்தால் தவறான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

இதில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வசதியை விரிவாகச் சொல்ல வேண்டும். கமாண்ட் பிராம்ப்டில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால், சாதாரண நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனுவுக்குப் போய் ஓப்பன் கொடுங்கள். கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் முன்னால் இருப்பது ஒரு குட்டி ஃபைல் மேனேஜர். யூசர்ஸ் ஃபோல்டருக்குள், உங்கள் பெயருக்குள், டெஸ்க்டாப்புக்குள் போய், வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, இன்னொரு யுஎஸ்பி டிஸ்க்கில் போய் பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு காப்பி ஆனது என்று காட்டும் பட்டை வராது. திரை உறைந்தது போல இருக்கும், பொறுமையாக விட்டுவிட வேண்டும். சி டிரைவ் இங்கே டி என்றோ இ என்றோ பெயர் மாறியிருக்கலாம், பயப்பட வேண்டாம். நூறு இருநூறு ஃபைல்களுக்கு இது போதும். பத்து வருடப் படங்களுக்கு இது சரிப்படாது.

விண்டோஸ் இருக்கிறது, பூட் ஃபைல்கள் மட்டும் கெட்டுவிட்டன என்றால், அதே கமாண்ட் பிராம்ப்டில் பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்து விண்டோஸ் ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டினால் பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதிவிடும். பழைய குறிப்புகளில் பூட்ரெக் கட்டளையின் ஃபிக்ஸ்பூட் தேர்வைச் சொல்வார்கள். பழைய பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருளோடு வரும் இப்போதைய கம்ப்யூட்டர்களில் அது "ஆக்சஸ் டினைடு" என்று நின்றுவிடுவது வழக்கம், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்ஸ்டாலேஷன் பென் டிரைவின் பெரிய குறை ஒன்று உண்டு. இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தைய லேப்டாப்புகளும் சிலவற்றில், விஎம்டி என்ற சேமிப்பக அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவர் மைக்ரோசாஃப்ட் தரும் பென் டிரைவில் இல்லையென்றால், டிஸ்க்கே காணோம் என்று காட்டும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பயந்து புதிது வாங்கிவிடாதீர்கள். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, விரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டுவைத்தால் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம். அதைச் செய்யத் தயக்கமாக இருக்கும் புது லேப்டாப்காரர்களுக்கு மட்டும், ரெக்கவரி டிரைவே மேல் என்பேன். டிரைவர் ஏற்கெனவே அதில் இருக்கும்.

இனி லினக்ஸ். விண்டோஸே எழவில்லை, ஆனால் ஃபைல்கள் வேண்டும் என்ற நிலைக்கு இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரியாது. உபுண்டுவும் சரி, லினக்ஸ் மின்ட்டும் சரி, இன்ஸ்டால் செய்யாமலே பென் டிரைவிலிருந்து முழு டெஸ்க்டாப்பாக ஓடும். நான் மின்ட்டைச் சொல்வேன். மூன்று ஜிபிக்குள் அடங்குகிறது, ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ் பழகிய கைக்குப் பழகியபடியே இருக்கின்றன, அம்மா அப்பாவுக்குக்கூட போனில் சொல்லிச் செய்யவைக்கலாம். ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடது பக்கத்தில் உங்கள் டிஸ்க் தெரியும். சொடுக்கினால் திறக்கும், பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க கீயைக் கேட்கும். வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகி இழுத்துப் போட வேண்டியதுதான். காப்பி ஆகும் வேகம், மீதி நேரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வைஃபை கிடைத்தால் பிரவுசரைத் திறந்து, என்ன பிழை என்று அதே கம்ப்யூட்டரிலேயே தேடவும் செய்யலாம்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கியிருந்தால், ஷட் டவுன் செய்தாலும் டிஸ்க் பாதி உறக்கத்தில் இருக்கும். அப்போது லினக்ஸ் அதில் எதையும் எழுதவிடாமல், படிக்க மட்டும் திறக்கக்கூடும். ஃபைல் எடுக்க அதுவே போதும். எழுத முடியாதது ஒருவகையில் பாதுகாப்பும்கூட.

லினக்ஸை முதலில் போடச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. பூட் ஆகாததற்குக் காரணம் விண்டோஸா, டிஸ்க்கா என்று தெரியாமலே பலர், டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டிவிடுகிறார்கள். சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டுவது மூச்சு வாங்குபவரை மாடிப்படி ஏறச் சொல்வது போல. முழு டிஸ்க்கையும் படிக்கவைத்து, எழுதவும் வைத்து, மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடும். மின்ட்டில் டிஸ்க்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் எண்ணிக்கைகள் (கெட்ட, சந்தேகத்துக்குரிய பகுதிகள்) பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால், பழுது பார்ப்பதை மறந்துவிட்டு முக்கியமான ஃபோல்டரை முதலில் காப்பி எடுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் அதுகூட வேண்டாம். உடனே ஆஃப் செய்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுப்பதுதான் வழி.

லினக்ஸால் விண்டோஸைப் பழுது பார்க்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூட் ஃபைலைத் திருப்பி எழுதவும், கெட்ட அப்டேட்டை நீக்கவும் விண்டோஸ் கருவிகளே வேண்டும். இரண்டு பென் டிரைவ் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஹைரன்ஸ் பூட்சிடி என்ற பெயர் சர்வீஸ் கடைகளில் பல வருடங்களாகப் புழங்குகிறது. பழைய ஹைரன்ஸ் 2012-இல் 15.2 பதிப்போடு நின்றுவிட்டது, அதில் உரிமம் இல்லாத புரோகிராம்களும் கலந்திருந்தன. இப்போது வருவது ஹைரன்ஸ் பூட்சிடி பிஇ, அதன் ரசிகர்கள் நடத்துவது, இலவசக் கருவிகள் மட்டும் கொண்டது. விண்டோஸ் போலவே டெஸ்க்டாப் தெரியும், டிஸ்க் சோதிக்கும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, மறந்த பாஸ்வேர்டை மாற்றும் கருவி எல்லாம் உள்ளே உண்டு. நான்கு வீட்டுக் கம்ப்யூட்டர்களை ஒருவரே கவனிக்கிறார் என்றால் இது கையில் இருப்பது நல்லது. மற்றவர்களுக்கு இத்தனை கருவிகள் தேவையில்லை. என்ன செய்கிறது என்று தெரியாமல் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் ஒரு பார்ட்டிஷன் கருவியைத் திறந்து அழுத்திவிடும் ஆபத்தும் இருக்கிறது.

சிஸ்டம்ரெஸ்க்யூ அதைவிடக் குறுகிய வட்டத்துக்கானது. பழுதான டிஸ்க்கைத் துண்டு துண்டாக, படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துப் பிரதியெடுக்கும் டிடிரெஸ்க்யூவும், அழிந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க்கும் இதில் தயாராக இருக்கின்றன. கமாண்ட் லைனில் பழகியவர்களுக்கு அருமையான கருவி. ஆனால் பயாஸில் (கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புத் திரையில்) செக்யூர் பூட்டை, அதாவது நம்பகமானதை மட்டும் பூட் ஆகவிடும் காவலை, அணைக்க வேண்டியிருக்கும், அணைத்தால் பிட்லாக்கர் அடுத்த முறை அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்.

வென்டாய் இவை எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவில் அடக்குகிறது. ஒருமுறை வென்டாயை இன்ஸ்டால் செய்துவிட்டால், ஐஎஸ்ஓ ஃபைல்களை (முழு பூட் டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக அடக்கியவை) சாதாரணமாகக் காப்பி செய்து போட்டால் போதும், பூட் செய்யும்போது பட்டியல் வரும். 32 ஜிபியில் விண்டோஸ், மின்ட், ஹைரன்ஸ் மூன்றும் வசதியாக இருக்கும். கேட்க மிக நன்றாக இருக்கிறது, நாள்தோறும் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்பவர்களுக்கு இதுவே சரியான தேர்வு. ஆனாலும் பெற்றோர் வீட்டில் வைத்துவிட்டு வரும் பென் டிரைவாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செக்யூர் பூட் இயங்கும் கம்ப்யூட்டரில் முதல் முறை செருகும்போது "வெரிஃபிகேஷன் ஃபெயில்டு" என்று ஒரு நீலத் திரை வரும், அதில் வென்டாயின் சாவியைத் தேடிப் பதிவுசெய்ய வேண்டும், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒருமுறை. ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவர் முன் இன்னொரு நீலத் திரையை வைக்க வேண்டாம். ஒரு பென் டிரைவ் கெட்டால் எல்லாமே போய்விடும் என்பதும் யோசிக்க வேண்டியது. விலை மலிவான பென் டிரைவுகளில் அது அபூர்வம் இல்லை.

குளோன்சில்லா, மேக்ரியம் போன்றவற்றின் ரெஸ்க்யூ பென் டிரைவுகளை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அவை முழு டிஸ்க்கையும் முன்பே இமேஜாக எடுத்து வைத்தவர்களுக்குத்தான் முழுப் பலன் தரும். அப்படி எடுத்துவைத்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை.

வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, பென் டிரைவ் செய்ய வேறு கம்ப்யூட்டர் இல்லை என்றால்? ஆண்ட்ராய்டு போனில் எட்ச்டிராய்டு என்ற இலவச ஆப் இருக்கிறது. ஓடிஜி கேபிளில் பென் டிரைவைச் செருகி, லினக்ஸ் ஐஎஸ்ஓவைப் போனிலேயே டவுன்லோடு செய்து எழுதலாம். விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு இது ஒத்துவராது. அந்த நிலையில் லினக்ஸ்தான் ஒரே வழி.

செய்து வைத்ததும் உடனே ஒருமுறை அதில் பூட் செய்து பாருங்கள். பூட் மெனு கீ கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 என்றாலும் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவைக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரின் கீ எது என்பதை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பென் டிரைவிலேயே ஒட்டிவிடுங்கள், செய்த மாதம், வருடத்தோடு.

வருடம் முக்கியம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பாதுகாப்புக் குறையுள்ள பழைய லினக்ஸ் பூட் ஃபைல்களை ஏற்கக்கூடாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தது. முந்தைய நாள் வரை பூட் ஆன லினக்ஸ் பென் டிரைவுகள் பல அதற்குப் பிறகு "எஸ்பிஏடி" பிழையைக் காட்டி நின்றன. செக்யூர் பூட்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களும் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன, பழையதை முழுவதும் ரத்து செய்துவிட்ட கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் பென் டிரைவும் பூட் ஆகாது. மைக்ரோசாஃப்டும் ரெக்கவரி டிரைவை ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகச் செய்யத்தான் சொல்கிறது. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வீடுகளில், அன்றே இந்த இரண்டு பென் டிரைவையும் அழித்துப் புதிதாக எழுதிவிடலாம். மின்ட் எழுத பத்து நிமிடம், விண்டோஸுக்கு டவுன்லோடு வேகத்தைப் பொறுத்து ஒரு மணி நேரம்.